சாந்தோம் முற்றுகைக்கு நான் எழுதாத முன்னுரை

அன்புள்ள ஜெரோம்,

நீ செய்த சாந்தோம் முற்றுகை ஆட்டத்துக்கு முந்நூறு சொல்லில் ஒரு முன்னுரை எழுதித் தரும்படி நீ கேட்டு மூன்று வாரம் ஆகிறது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் கணினித் திரையில் வரும் ஒரு பக்கம்தான் அது. யார் யாரோடு மோதினார்கள், கடலில் யாருடைய கப்பல்கள் நின்றன, கோட்டைக்குள் இருந்தவர்கள் எதைத் தின்று உயிரோடு இருந்தார்கள், இவ்வளவு போதும், மீதியை ஆடுகிறவர்கள் ஆடித் தெரிந்துகொள்வார்கள் என்றாய். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவனுக்கு இது அரைநாள் வேலை. நானும் மூன்று தடவை உட்கார்ந்தேன். முதல் பத்தி ஒழுங்காகவே வருகிறது. முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் நிலத்தில் கோல்கொண்டாப் படை, கடலில் டச்சுக்காரர்கள், நடுவில் கோட்டைக்குள் பிரெஞ்சுக்காரர்கள் என்று எழுதி முடிக்கிறேன். இரண்டாவது பத்தியில் ‘ஊர் ஜனங்கள்’ என்று தொடங்கியதும் உன் அம்மா வந்துவிடுகிறாள். அதற்குமேல் பேனா நகரவில்லை. நீ அடுத்த மாதம் வேலைக்காக ஸ்வீடனுக்குப் போகிறாய். உன்னிடம் சொல்லவேண்டிய ஒன்று ஆறு வருஷமாக என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் வேறு எதையும் என்னால் எழுத முடியாது என்று இப்போது தெரிகிறது. ஆகவே முன்னுரைக்குப் பதிலாக இந்தக் கடிதம். இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். காட்டவேண்டும் என்றே நினைக்கிறேன். காரணம் போகப்போகப் புரியும்.

சின்னத் தப்பிலிருந்து தொடங்குகிறேன். அதைச் சொல்லிப் பழகினால் பெரியது வாயில் வரும். பொறியியல் முடித்து வேலைக்குச் சேர்ந்த நீ, எட்டே மாதத்தில் அதை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாய். உன் அறைக் கதவு சாத்தியே இருக்கும். உள்ளேயிருந்து மவுஸ் சொடுக்கும் சத்தம் மட்டும் கேட்கும். உன் அம்மாதான் எனக்கு விளக்கினாள். “சதுரங்கம் மாதிரிதாங்க. இவன் ஒரு தடவை நகர்த்தணும், அப்புறம் கம்ப்யூட்டர் நகர்த்தும். அவசரமே இல்ல, எவ்ளோ நேரம் வேணா யோசிக்கலாம். இவன் ஆடறது மட்டும் இல்ல, மத்தவங்க ஆடறதுக்குப் பழைய சண்டைங்களை எடுத்து ஒவ்வொண்ணா செஞ்சு குடுக்கறான். அதுக்கு சினாரியோன்னு பேராம்.” எல்.கே.ஜி. டீச்சராகக் குழந்தைகளோடே வாழ்ந்தவள் அவள். எதையும் எவருக்கும் புரியவைப்பாள். எனக்குத்தான் புரிந்துகொள்ள மனசில்லை. தியாகராய நகரில் உன் மாமா வீட்டுக் கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போனோமே, அங்கே உன் மாமா “பையன் என்ன பண்றான்?” என்று கேட்டார். “பொம்மை வச்சு விளையாடிட்டு இருக்கான்” என்றேன். கடைக்காரர்கூடச் சிரித்தார். நீ எனக்குப் பின்னால் இரண்டு கையிலும் பைகளைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். நீ பைகளை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பாண்டி பஜாரிலிருந்து சாந்தோம்வரை வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தாய். அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை. பத்து நாளில் நீ பேசத் தொடங்கியதும் அது தீர்ந்துவிட்டது என்று விட்டுவிட்டேன். பிள்ளைகள் பேசத் தொடங்கினால் காயம் ஆறிவிட்டது என்று பெற்றவர்கள் எடுத்துக்கொள்வது பெரிய சோம்பேறித்தனம். நீ ஒரு பிள்ளைக்குத் தகப்பன் ஆகும்போது அதைச் செய்யாதே.

நம் இருவரையும் சேர்த்துவைத்தது அந்த முற்றுகைதான். அதைப் பற்றி நீ எழுதி, அம்மா படித்துப் பார்க்கட்டும் என்று சாப்பாட்டு மேசைமேல் வைத்த நாலு பக்கத்தை நான் எடுத்துச் சிவப்பு மையால் பதினோரு தப்பைச் சுழித்து வைத்தேன். நீ கோபப்படுவாய் என்று எதிர்பார்த்தேன். மறுநாள் காலை என் எதிரில் வந்து உட்கார்ந்து, “அப்பா, இந்த மதில் தெற்கே எதுவரைக்கும் போச்சு?” என்று கேட்டாய். ஒரு வருஷத்தில் நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. இருவரும் கிளம்பினோம். சாந்தோம் கோயிலுக்குப் பின்னால் கடற்கரையில் இறங்கி, பட்டினப்பாக்கம் தாண்டி அடையாற்று முகத்துவாரம்வரை நடந்தோம். கோட்டையின் ஒரு கல்லைக்கூட நம்மால் அடையாளம் காண முடியவில்லை. நீ உன் வரைபடத்தின் அறுகோணக் கட்டங்களைக் காட்டி, “இந்த இடத்துல என்னப்பா போடறது?” என்றாய். தெரியாது என்றேன். “தெரியாதுன்னு கட்டத்துல போட முடியாதுப்பா. மதிலா மணலான்னு சொல்லியாகணும்.” அதற்கு நான் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. “உத்தேசம்னு கீழ எழுதிட்டு ஏதாவது ஒண்ணு போடு. சரித்திரம் படிச்சவன் தெரியலைன்னு சொல்லலாம், தப்பில்ல. தெரிஞ்சதை மறைக்கறதுதான் தப்பு.” மணலில் நின்றுகொண்டு வாத்தியார் தோரணையில் சொன்னேன். நீ தலையாட்டினாய்.

அந்த வருஷமே உன் அம்மா அமலியின் சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று காலை டயாலிசிஸ். இடது கையில் இரண்டு ஊசி ஏற்றிவிடுவார்கள். நாலு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக்கூடாது. வலது கை சும்மா இருக்கிறதே என்று நீ மடிக்கணினியைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தாய். “சும்மா ஆடிப் பாரும்மா, எங்க தப்பு இருக்குன்னு சொல்லு.” அவளுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் பக்கத்தைக் கொடுத்தாய். முதல் வாரம் ஏழாவது நகர்த்தலிலேயே பட்டினியால் கோட்டை விழுந்தது. உனக்கும் எனக்கும் அந்தக் கட்டிலின் இரு பக்கமும் நின்று ஓயாத வாக்குவாதம். கோட்டை கடைசியில் சரணடைந்தது, அதுதான் நடந்தது, அதை மாற்றக்கூடாது என்பேன் நான். “தோக்கறதுன்னு முன்னாடியே முடிவாயிட்ட ஆட்டத்தை யாருப்பா உக்காந்து ஆடுவா?” என்பாய் நீ. அமலி நம் இருவர் பேச்சையும் கேட்டுவிட்டு ஒரு நாள் கேட்டாள். “கோட்டை, பீரங்கி, குதிரை எல்லாம் போட்டிருக்க. ஊர் ஜனங்க எங்கடா? மீன் பிடிக்கறவங்க, துணி நெய்யறவங்க, நம்மள மாதிரி ஆளுங்க? சண்டைக்கு முன்னாடி அவங்க இங்கதான இருந்திருப்பாங்க?” நீ என்னைப் பார்த்தாய். நான் படித்த புத்தகங்களில் அவர்களைப் பற்றி நாலு வரிகூட இல்லை. அதைச் சொன்னேன்.

பக்கத்துக் கட்டிலில் ஊசி மாற்றிக்கொண்டிருந்த செல்வியக்காவை நினைவிருக்கிறதா? இருபது வருஷமாக அந்த வார்டில் வேலை பார்ப்பவர். ஆற்றங்கரையில் இருந்த வீட்டை அரசாங்கம் இடித்து, நகரத்துக்கு வெளியே பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்க் குடிவைத்தபின், இரண்டு பஸ் மாறி வேலைக்கு வந்துகொண்டிருந்தார். மறுவாரம் நீ ஊர் ஜனங்களையும் காய்களாகச் சேர்த்துக் கொண்டுவந்தாய். முற்றுகை இறுகுவதற்குள் அவர்களை ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டால் கோட்டை விழுந்தாலும் ஆடுகிறவருக்கு வெற்றி என்று விதி எழுதியிருந்தாய். அமலி அவர்களை வரிசையாகத் தெற்கே அனுப்புவதைச் செல்வியக்கா எட்டிப் பார்த்தார்.

“இன்னாமா, ஜனத்தையெல்லாம் எங்க இட்டுக்கினு போற?”

“ஆத்துக்கு அந்தாண்ட. இங்க இருந்தா செத்துடுவாங்க.”

“அங்க போனா மட்டும்? அங்க இன்னா கீது? தண்ணி கீதா, வேலை கீதா? எங்களையும் இப்டித்தான் லாரில ஏத்திக்கினு போய் உட்டாங்கோ. நல்லாக்கீறீங்களான்னு அதுக்கப்புறம் ஒருத்தரும் வந்து கேக்கல.”

நீ அங்கேயே தரையில் உட்கார்ந்து குறிப்பெழுதினாய். போகிற இடத்தில் கிணறும் தானியமும் இல்லாவிட்டால் அந்த ஜனங்கள் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் குறைந்துகொண்டே வருவார்கள் என்று விதியை மாற்றினாய். அதற்குப் பிறகு அமலி அந்த ஆட்டத்தை நாற்பது தடவையாவது ஆடியிருப்பாள். முதலில் வீரர்களை அனுப்பிக் கிணறு தோண்டுவாள், பிறகு ஜனங்களை அனுப்புவாள், கடைசியில் மதில்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுப்பாள். கோட்டை விழும்போது உள்ளே ஆள் இருக்காது. “புடிச்சுக்கட்டும், காலிக் கோட்டை” என்பாள். இந்த மாதிரி ஆட்டங்களைச் செய்யும் ஸ்வீடன்காரர்கள் உன்னை வேலைக்குக் கூப்பிட்டது அந்த சினாரியோவைப் பார்த்துத்தான். அதில் பாதி உன் அம்மாவும் செல்வியக்காவும் செய்தது என்று நீ அவர்களிடம் சொன்னதாகச் சொன்னாய். அன்றைக்கு உன்னை நினைத்து நான் பட்ட பெருமையைச் சொல்லத் தெரியவில்லை.

இனி நான் சொல்லவேண்டியது. எனக்குச் சர்க்கரை வியாதி, என் சிறுநீரகத்தை எடுக்கமாட்டார்கள். அமலியின் அக்காவுக்கு வயதாகிவிட்டது. உன் மாமாவின் ரத்த வகை சேரவில்லை. மிஞ்சியது நீ. கேட்பதற்கு முன்பே நீ சரி என்றாய். ரத்த வகை ஒத்துப்போயிற்று. ஸ்கேன் எல்லாம் நன்றாக இருந்தது. கடைசியாக உன் ரத்தத்தையும் அவள் ரத்தத்தையும் சேர்த்துவைத்துப் பார்க்கும் ஒரு சோதனை. அதன் முடிவை வாங்க நான்தான் மயிலாப்பூரில் இருந்த பரிசோதனைக்கூடத்துக்குப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் தாளைப் பார்த்துவிட்டு, என் முகத்தையும் பார்த்துவிட்டுச் சொன்னாள். “நெகட்டிவ் சார். பயந்துடாதீங்க, இதுல நெகட்டிவ் வந்தாத்தான் நல்லது. உங்க பையனோடதை அம்மா உடம்பு எதிர்க்கலைன்னு அர்த்தம். தாராளமா குடுக்கலாம்.” அவளுக்கு நன்றி சொன்னேன். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கச்சேரி சாலை வழியாக நடந்தே வந்தேன். நான் மணி அடிப்பதற்குள் நீ கதவைத் திறந்தாய்.

“என்னப்பா போட்டிருக்கு?”

“நெகட்டிவ்.”

அவ்வளவுதான் சொன்னேன். அந்தச் சொல் தாளில் இருந்த சொல்தான். உன் முகம் விழுந்ததைப் பார்த்தேன். நீ அதைத் தப்பாகப் புரிந்துகொண்டாய் என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்தது. இன்னும் ஒரே ஒரு வாக்கியம் பாக்கி. நீ மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாய். உனக்குத் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சமையலறைக்குப் போனேன். தண்ணீரைக் கொடுத்துவிட்டுச் சொல்வோம் என்று நினைத்தேன். டம்ளரோடு திரும்பி வந்தபோது நீ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாய். உன்னைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, ஜெரோம், நிம்மதியாக இருந்தது. இந்த ஒரு வரியை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். நீ பிறந்த பிறகு உன் அம்மாவுக்கு இரண்டு தடவை கரு தங்கவில்லை. எனக்கு இருப்பது நீ ஒருத்தன். ஒரே காலையில் உங்கள் இரண்டு பேரையும் இரண்டு மேசையில் படுக்கவைத்துவிட்டு வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்து ஒரு மாதமாகவே பயந்து செத்துக்கொண்டிருந்தேன். கொடுத்தவர்கள் நன்றாக வாழ்கிறார்கள் என்று டாக்டர் எவ்வளவோ சொல்லியிருந்தார். நான் அறியாமல் செய்யவில்லை. “வேற டெஸ்ட் ஏதாவது எடுத்துப் பாக்கலாமாப்பா?” என்று நீ ராத்திரி சாப்பிடும்போது கேட்டாய். “டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். வேணாம்னுட்டார்” என்றேன். வாய் திறந்து சொன்ன முதல் பொய் அது. அதற்குப் பிறகு வந்தவை தாமாக வந்தன.

ஆஸ்பத்திரியில் மாற்று அறுவைக்கான ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்ட உஷா மேடத்திடம் என்ன சொல்வது? சோதனை முடிவு அவர்களுக்கும் போயிருக்கும். மறுநாள் நான் தனியாகப் போய், “பையன் தயங்கறான் மேடம்” என்றேன். அவர் அமலியின் ஃபைலை மூடி வைத்தார். பிறகு, கொடுக்க விருப்பமில்லாதவரை யாரும் வற்புறுத்தக்கூடாது, அவருக்குக் குடும்பத்தில் கெட்ட பெயர் வராமல் பார்த்துக்கொள்வதும் தங்கள் வேலை, அம்மாவிடம் பொருந்தவில்லை என்றே சொல்லிவிடுகிறோம் என்றார். சொன்னபடியே சொன்னார். அந்த நல்ல மனசு என் பொய்க்குக் காவலாக நின்றது. இரண்டு மாதம் கழித்து நீ என்னிடம் கேட்டாய். “உஷா மேடம் என்கிட்ட சரியாவே பேச மாட்டேங்கறாங்கப்பா. குட் மார்னிங் சொன்னா திரும்பிக்கறாங்க. நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?” அவருக்கு வேலை அதிகம் என்றேன். நீ அதற்கப்புறமும் ஒவ்வொரு தடவையும் அவரைப் பார்த்து எழுந்து நின்று வணக்கம் சொன்னாய். அம்மாவுக்கு ஒரு சிறுநீரகம் கொடுக்க மனசு வராத பிள்ளை என்று அந்த வார்டில் நாலு பேர் உன்னை நினைத்துக்கொண்டிருக்க, அது தெரியாமல் நீ அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாய்.

இறந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறும் பட்டியலில் அமலியின் பெயர் இருந்தது. அதில் நம் முறை வந்துவிடும், என் பொய் சில மாதங்களுக்கு மட்டும்தான் என்று கணக்குப் போட்டேன். ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்கள். பையோடு ஓடினோம். அவளுக்குக் காய்ச்சல் இருந்ததால் அது வேறொருவருக்குப் போயிற்று. திரும்பி வரும்போது ஆட்டோவில் நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாய். பிறகு தொற்று வந்தது, போனது, மறுபடி வந்தது. நீ சோதனைக்கு ரத்தம் கொடுத்ததிலிருந்து பதினான்காவது மாதம் அவள் போய்விட்டாள்.

நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானங்களையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இதுவும் பாதி உண்மை ஆகிவிடும். சோதனைக்கு முன்னால் அமலி ஒரு நாள், “அவன் சின்னப் பையங்க. அவன்கிட்டப் போய் வாங்கறதான்னு இருக்கு” என்றாள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவள் மடிக்கணினியில் கோட்டையை விட்டுக்கொடுத்து ஜனங்களைக் காப்பாற்றியதை எல்லாம், உன்னைக் காப்பாற்றிவிடும்படி அவள் எனக்குச் சொல்லாமல் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். ஒரு விளையாட்டை வைத்து ஒரு மனுஷியின் மனசைப் படித்ததாக நினைத்துக்கொண்டேன். ஆனால் அவள் இன்னொன்றும் சொன்னாள். போவதற்கு மூன்று மாதம் முன்னால், டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவில் வரும்போது, லஸ் கோயில் வாசலில் ஒரு கல்யாண கோஷ்டி இறங்கிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி அந்தப் பெண் உள்ளே போகும்வரை பார்த்தாள். “ஜெரோம் கல்யாணத்தைப் பாக்கணும்னு இருக்குங்க. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும்” என்றாள். வாழ்க்கையில் எதையும் வேண்டும் என்று கேட்காதவள். அன்றைக்கும் நேரம் இருந்தது, ஜெரோம். அந்த ஆட்டோவைத் திருப்பச் சொல்லியிருக்கலாம். நெரிசலில் நின்ற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன். இப்போது சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்ற பயம். உன் உயிருக்குப் பயந்து தொடங்கியது, என் மானத்துக்குப் பயப்படுவதில் வந்து நின்றிருந்தது.

கல்லறைத் திருநாளுக்கு ஒவ்வொரு வருஷமும் நாம் மெழுகுவத்தியும் சாமந்தியும் வாங்கிக்கொண்டு போகிறோம். முதல் வருஷம் நீ கல்லைத் துடைத்துக்கொண்டே, “என் உடம்பு அம்மாவுக்கு உதவாம போச்சுப்பா” என்றாய். நான் உன் தோளில் கை வைத்தேன். பாவசங்கீர்த்தனத்தில் இரண்டு தடவை இதை ஃபாதரிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு தடவையும் அவர், மகனிடம் சொல்லுங்கள் என்றார். சரி என்று எழுந்து வந்தேன். போன மாதம் உனக்கு வேலை உறுதியான அன்று, “இவ்ளோ தூரம் போறியே, எனக்கு ஒண்ணுன்னா யாரு வருவா?” என்று விளையாட்டாகக் கேட்டேன். நீ துணி மடித்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “நான் பக்கத்துல இருந்து மட்டும் என்னப்பா பிரயோஜனம்? அம்மாவுக்குப் பக்கத்துலதானே இருந்தேன்” என்றாய். சத்தமில்லாமல், வருத்தம்கூட இல்லாமல், தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னாய். முப்பது வயதில் ஒரு ஆள் தன்னைப் பற்றி இப்படி முடிவுகட்டி வைத்திருக்கிறான், அதைக் கட்டியது நான்.

அப்படியும் உடனே சொல்லவில்லை. போன வாரம் கண்புரை பார்க்க அடையாறில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெயர் பதியும் இடத்தில், வேலை மாறி வந்திருந்த உஷா மேடம் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். அமலியைப் பற்றி அன்பாக இரண்டு வார்த்தை பேசினார். பிறகு குரல் மாறியது. “பையன் நல்லா இருக்காரா சார்?” என்றார். அந்த ‘நல்லா’வை அவர் சொன்ன விதத்தை என்னால் தாங்க முடியவில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். அப்படியே சொல்லிவிட்டேன். “மேடம், அவன் தயங்கல. நான்தான் அவன்கிட்ட சொல்லல. பொருந்தலைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கான், இன்னிவரைக்கும்.” அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்த பெண்ணை வரிசையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு என்னை ஒரு ஓரத்துக்குக் கூட்டிப்போனார்.

“ஆறு வருஷமா அந்தப் பையனை மனசுக்குள்ள திட்டிட்டு இருந்தேன் சார். யாராவது குடுக்க வரும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும். எவ்ளோ மரியாதையா எழுந்து நிப்பார்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப எதுக்கு சார் எங்கிட்ட சொல்றீங்க?”

 யாரிடம் சொன்னால் எனக்கு வலிக்காதோ அவர்களிடமெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். கண்ணைக் காட்டாமலே வீட்டுக்கு வந்து, அன்றைக்கே இதை எழுத உட்கார்ந்தேன். நாலு நாள் ஆயிற்று.

அந்தப் பரிசோதனைத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது, எழுத்து தெரிகிறது. யாராவது உன்னிடம், தாளில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டால், வாயால் சொல்லாதே மகனே, தாளையே கையில் கொடுத்துவிடு. எனக்குத் தெரிந்த புத்திமதி இது ஒன்றுதான், இதையும் இந்த விலை கொடுத்துத்தான் கற்றேன். உன் உடம்பு உன் அம்மாவுக்குப் பொருந்தியது. நீ கொடுக்கத் தயாராக இருந்தாய். நீ பயப்படவில்லை, தயங்கவில்லை, ஒரு நாளும் பின்வாங்கவில்லை. நடுவில் நின்றது நான். இதை உன் பெரியம்மாவுக்கும் காட்டு, உனக்கு மனைவியாக வரப்போகிறவளுக்கும் காட்டு. உஷா மேடம் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறார். உன்னைக் கேட்காமல் உன் எண்ணைக் கொடுக்கவில்லை. அவர் எண்ணை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய், அது எனக்குத் தெரியும். அமலி வளர்த்த பிள்ளை நீ, எதிரில் ஒரு வயசானவன் அழுதால் தாங்கமாட்டாய். ஆகவே நாளைக் காலை பூசைக்குப் போகும்போது இதை உன் மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறேன். பூசை முடிந்ததும் நேரே வீட்டுக்குத்தான் வருவேன், வேறு எங்கும் போகமாட்டேன். ஆறு வருஷமாக உன்மேலேயே நீ பட்டுக்கொண்டிருந்த கோபம் எல்லாம் என்மேல் படவேண்டிய கோபம். நான் உள்ளே நுழையும்போது அதை அடக்கிக்கொள்ளாதே.

உன் அப்பா